வலப்பக்கம் திரும்பாதவள்

ஸ்டியரிங்கை வலதுபக்கம் முழுசாக ஒடித்தால் மட்டும்
முன் இடது சக்கரத்திலிருந்து
டொக் டொக் டொக்.
யாரோ உள்ளே உட்கார்ந்து பாக்கு இடிப்பதுபோல.
நேராகப் போனால் பரம சாது.

அதனால் மூன்று வாரமாக
இடதுபக்கம் மட்டும் திரும்புகிறவள் ஆகிவிட்டேன்.
வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு
இடது திருப்பங்களை மட்டும் கோத்தும்
போய்ச் சேரலாம்.
இருபது நிமிடம் கூடுதல்,
இரண்டு கல்யாண மண்டபம் கூடுதல்.
பாடி மேம்பாலத்தின் வளையங்கள்
எல்லாமே இடதுபக்கம்தான் வளைகின்றன.
கட்டியவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

டிசம்பர் தண்ணீரில் ஓட்டியது.
ரப்பர் பூட் கிழிந்திருந்தது அப்போது தெரியாது.
கிரீஸ் முழுவதையும் ரிம்முக்கு உள்பக்கம்
கறுப்பு விசிறியாய் அடித்துவிட்டு
ஜாயின்ட் மண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது.

'ஒன்பதாயிரத்து எண்ணூறு' என்றார் ஒர்க்‌ஷாப் ஜக்கரியா.
'ரெண்டு பக்கமும் மாத்திடுங்க மேடம்.'
வலதுக்கு என்ன?
'ஒண்ணு போனா இன்னொண்ணும் போகும்.'

புதுப்பேட்டையில் நயினார்
பழைய ஆக்ஸில் ஒன்றைக் குழந்தையின் முழங்கையைப்போல
மடக்கி மடக்கிக் காட்டினார்.
'சத்தம் கேக்குதா? கேக்கல இல்ல?'
பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
எனக்கு எதுவுமே கேட்கவில்லை.
எந்த வண்டியில் இருந்தது?
'ஓடின வண்டிதான்.'
ஆயிரத்து எழுநூறு.

மஸ்கட்டிலிருந்து பெலிக்ஸ்:
'பேசாம கடையில விட்டுடு, ரெஜி.'
பத்து வருடத்தில் ஒரு ஸ்டெப்னி மாற்றாத மனுஷன்
எனக்கு ஆபத்தை விளக்கினார், வீடியோ காலில்,
ஏசி காற்றில் முடி பறக்க.

பணம் மட்டும் என்றால்
ஃபீஸ் ரசீதின் முதுகில் போட்ட கணக்கு போதும்.
எட்டாயிரம் மிச்சம். முடிந்தது.

ஆனால் நான் கம்பெனியில் க்யூ.சி.
காலை எட்டரையிலிருந்து
மற்றவர்கள் கடைந்ததை மைக்ரோமீட்டரில் பிடித்து
நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டருக்காகக்
கழித்துப் போடுகிறவள்.
சிவப்புப் பெட்டி என்னுடையது.
அந்த ஜாயின்ட்டுக்குள் ஆறு குண்டுகள் உருளும் பள்ளம்
எப்படித் தேய்ந்திருக்கும் என்று
தூக்கத்தில்கூட வரைவேன்.
நானே மாட்டி,
நானே முறுக்கி,
பிள்ளையைப் பின்சீட்டில் உட்காரவைத்து எண்பதில் போகும்போது
என் வேலையை நான் பாஸ் பண்ணுவேனா?
கேள்வி அதுதான். எட்டாயிரம் சும்மா.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் கீழே இறங்கினேன்.
'பார்க்கிங்கில் வாகனப் பழுதுபார்ப்பு கூடாது – செயலர்'
என்ற பலகைக்கு நேர் கீழே
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
மெயின்டனன்ஸ் தேவசகாயம் தந்த முப்பதாம் நம்பர் சாக்கெட்,
மூன்றடி ஜிஐ பைப்.
வண்டி தரையில், ஹேண்ட்பிரேக் மேலே.
முதலில் நட்டிலும் தண்டிலும் சேர்த்து
நெயில் பாலிஷால் ஒரு கோடு.
மகளின் பாட்டில். ஊதா, மினுமினுப்பு.
பிறகு மடிந்த விளிம்பை உளியால் நிமிர்த்தி
பைப்பின் நுனியில் ஏறி நின்றேன்.

அறுபத்தொரு கிலோ.
ஒன்றும் அசையவில்லை.
லேசாகக் குதித்தேன்.
இந்த உடம்பைக் குறைக்கவா
இத்தனை காலம் கேழ்வரகுக் கூழ் குடித்தேன்?

க்ரீச்.

நட்டு கால்வாசி திரும்பியிருந்தது.
லிஃப்ட் மேலே போய்த் திரும்பி வரும் நேரம் வரைக்கும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கோட்டோடு கோடு சேரும்வரை
திரும்ப முறுக்கிவிட்டு வந்து படுத்தேன்.
விரலிடுக்கில் கிரீஸ்.
சபீனா போட்டும் போகவில்லை.

இன்று காலை சிக்னலில்
வேண்டுமென்றே வலதுபக்கம் திரும்பினேன்.
பதினோரு டொக்.
பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து
'ஆக்ஸிலுக்கா' என்றார்.
தெரியும்ணே, என்றேன்.

ஞாயிறு மழை இல்லையாம்.
புது நட்டு ஒன்று, பழசைத் திரும்பப் போடக் கூடாது.
கிரீஸ். கையுறை. டிரே.
சாக்கெட்டை தேவசகாயத்துக்கு
இன்னும் திருப்பித் தரவில்லை.